காருக்குக் கழிக்கலாம், காலுக்கு ஏலாது

நான் கார் ஓடப் பழக்குகிறவன். இருபத்திரண்டு வருடமாக லண்டனில், மிச்சம், டூட்டிங் என்கிற ஊர்களில், இடது பக்கச் சீட்டில் இருந்துகொண்டு, மற்றவர்களின் பயத்தில் சீவிக்கிறேன். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. காலடியில் ஒரு பிரேக் உண்டு. அதை நம்பித்தான் தாய்மார் பிள்ளைகளை என்னோடு அனுப்புகிறார்கள், புருசன்மார் பெண்சாதிகளை அனுப்புகிறார்கள். அந்தப் பிரேக்கின் மேல் வைக்கிற வலது கால், போன வருடம் மாசி மாதத்துக் குளிரில், என்னோடு முரண்டு பிடிக்கத் தொடங்கியது.

முதலில் இடுப்பில் ஒரு கடுகடுப்பு. பிறகு காரிலிருந்து இறங்கும்போது ஒரு குத்து. பிறகு படியில், பிறகு படுக்கையில், பிறகு சும்மா நிற்கும்போதும். வலி ஒரு வாடகைக்காரன் மாதிரி ஒவ்வோர் அறையாகப் பிடித்துக்கொண்டு வந்தது. நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லி என்ன? நான் தனியாளாகத் தொழில் செய்கிறவன். முதலாளியும் நான், வேலையாளும் நான். காய்ச்சல் வந்தால் லீவு கேட்க ஆளில்லை, தரவும் ஆளில்லை. பாடம் நடந்தால் காசு, நடக்காவிட்டால் வெறும் மழை.

அதற்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன்னமே தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் நிற்க எனக்குக் கட்டாது. மாதாமாதம் அந்தக் கட்டணம் வங்கியிலிருந்து போகும்போது நெஞ்சில் ஒரு நுள்ளல் இருக்கும். ஆனால் எங்களுடைய வாட்ஸ்அப் குழுவில், தமிழ்ப் பழக்குநர்கள் முப்பது பேர் இருக்கிற குழுவில், அதற்கும் ஒரு மருந்து கிடைத்தது. ஒருவர் எழுதினார்: "ஹெல்த் இன்சூரன்ஸையும் செலவில போடலாம் அண்ணைமார். கார் இன்சூரன்ஸ் போடுற இடத்தில சேத்துப் போட்டுவிடுங்கோ. ரெண்டும் இன்சூரன்ஸ்தானே." பதினான்கு கட்டைவிரல்கள் எழும்பின. ஒன்று என்னுடையது.

அந்த வருடமும் அடுத்த வருடமும், தை மாதக் கடைசியில் நானே வரிக் கணக்கை இணையத்தில் நிரப்பும்போது, இரண்டு தொகையையும் கூட்டி ஒரே பெட்டிக்குள் போட்டேன். பெட்டி ஏற்றுக்கொண்டது. பெட்டிகள் எதையும் ஏற்றுக்கொள்ளும்.

கார்த்திகையில் நான் நொண்டுவதை என் மனிசி கண்டுவிட்டா. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசை பிடித்து, இருபத்தேழாவது ஆளாக நின்று, எனக்கு வைத்தியரின் நேரம் எடுத்தது அவதான். போகிற வழியில், பஸ்ஸில், எனக்கு வகுப்பு எடுத்தா.

"இஞ்சருங்கோ. ஒன்பது மாசமெண்டு சொன்னா பரசிற்றமோலைத் தந்து அனுப்பிப் போடுவினம். அஞ்சாறு வருசமெண்டு சொல்லுங்கோ. அப்பத்தான் எக்ஸ்ரே படம் எடுக்க எழுதுவினம்."

"அது பொய்யெல்லே."

"வருத்தம் பொய்யே? காலம்தானே கொஞ்சம் கூட."

எங்கள் ஆட்கள் வைத்தியரிடம் போவது இப்படித்தான். எங்களுக்கு ஒரு எண்ணம்: நோவை நோவின் அளவில் சொன்னால் இந்த ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு நாள் இருமல் இரண்டு கிழமை ஆகும். கால் கடுத்தால் நடக்கவே ஏலாது என்போம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் எங்களைக் கேள்வி கேட்டவர்கள் எங்கள் கதைகளைக் குறைத்து எடைபோட்டார்கள்; அன்றிலிருந்து நாங்கள் தராசில் கொஞ்சம் கூடப் போட்டே வைக்கிறோம். அப்படி நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வைத்தியர் தமிழ்நாட்டுப் பெண். அதனால் பொய் சொல்ல இன்னும் வசதியாக இருந்தது, மொழிபெயர்க்கத் தேவையில்லை.

"எவ்வளவு நாளா வலி இருக்கு சார்?"

"அது டொக்டர், ஒரு அஞ்சாறு வருசம் இருக்கும்."

"அஞ்சாறு வருஷமாவா? ஏன் முன்னாடியே வரல?"

மனிசி முந்திக்கொண்டா. "இவர் வாய் திறக்கமாட்டார் டொக்டர். கல்லு மாதிரி."

வைத்தியரின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. அந்தச் சத்தம் எனக்கு வெற்றியாகக் கேட்டது. படத்துக்கு எழுதினா. படம் வந்தது: இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், எலும்பு எலும்போடு உரசுகிறது, மாற்றத்தான் வேண்டும். அரசாங்க வரிசையில் ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கலாம் என்றா. நான் கொஞ்சம் நிமிர்ந்து இருந்து சொன்னேன்: "எனக்குத் தனியார் இன்சூரன்ஸ் இருக்கு டொக்டர்." அதைச் சொல்வதற்காகவே மூன்று வருடம் காத்திருந்தவன் மாதிரிச் சொன்னேன்.

இன்சூரன்ஸ்காரர் வைத்தியரின் குறிப்புகளைக் கேட்டு எடுத்தார்கள். மார்கழியில் கடிதம் வந்தது. மூன்று பக்கம், விசயம் ஒரு வசனம். பொலிசி தொடங்க முந்திய ஐந்து வருடத்தில் இருந்த நோய் வருத்தத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. இடுப்பு வலி ஐந்தாறு வருடமாக இருப்பதாக வைத்தியரின் குறிப்பு சொல்கிறது. ஆகவே மறுக்கிறோம், மன்னிக்கவும்.

மனிசி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அவ திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தானே சொல்லச் சொன்னனான்," என்றா.

"என்ர வாய்தானே சொன்னது. நீர் அடுப்பைப் பாரும்."

அன்றிரவு அவ எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நேரத்தோடு படுத்துவிட்டா. கோபம் இல்லை. கோபித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு கணக்காளரிடம் நான் அதுவரை போனதே இல்லை. எங்கள் ஆட்கள் போகிற கணக்காளர் அண்ணை ஒருவரின் கந்தோர், அவருடைய அலுவலகம், டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில். கீழே ரோல்ஸ் பொரிகிற மணம் படியேறி வந்து அவருடைய கோப்புகளில் எல்லாம் குடியிருக்கும். அறுபத்தைந்து வயது, எங்களுக்காக எத்தனையோ முறையீட்டுக் கடிதங்கள் எழுதின கை. இன்சூரன்ஸ்காரருக்கு மறுப்பு எழுதித் தருவார் என்று போனேன். நான் முழுநேரமாக வேலை செய்ததைக் காட்ட என் வரிக் கணக்குகளையும் கொண்டுபோனேன். அவர் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் கணக்கைத்தான் பார்த்தார்.

"தம்பி, இன்சூரன்ஸ் எண்ட இடத்தில இவ்வளவு பெரிய தொகை. உம்மட கார் என்ன, பிளேனோ?"

"அதுக்குள்ள என்ர ஹெல்த் இன்சூரன்ஸும் இருக்கண்ணை."

"ஆர் போடச் சொன்னது?"

"எல்லாரும் போடுகினம்."

"எல்லாரும் போட்டா எல்லாருக்கும் வரிக்காரரிட்டை இருந்து கடிதம் வரும், வேற ஒண்டும் வராது." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காருக்குப் போட்டது சரி. கார் தொழிலுக்கு. உம்மட உடம்பு உம்மட சொந்தப் பாவனைக்கு."

"அந்தக் காலில்லாட்டி அந்தக் கார் என்னத்துக்கண்ணை? பிரேக் பிடிக்கிறது கால்தானே."

"எனக்கு விளங்குது. சட்டத்துக்கு விளங்காது. காருக்குக் கழிக்கலாம், காலுக்கு ஏலாது."

"கொம்பனியாப் பதிஞ்சிருந்தா?"

"கொம்பனி கட்டலாம். பேந்து அது உமக்குக் கிடைச்ச சலுகையெண்டு உம்மட தலையில வரி போடுவினம். சுத்திச் சுத்தி வந்தாலும் சுப்பற்ற கொல்லைதான்... நீர் அதைவிடும். இப்ப நீர் செய்திருக்கிறதைப் பாரும். செலவைக் கூட்டினா லாபம் குறையும். லாபம் குறைஞ்சா வருமான வரியும் குறையும், அதோட அரசாங்கத்துக்குக் கட்டுற நஷனல் இன்சூரன்ஸும் குறையும். ரெண்டு இடத்தில குறைச்சுக் கட்டியிருக்கிறீர்."

சாளரத்துக்கு வெளியே சிவப்பு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எனக்குள்ளே ஒரு தர்க்கம் நொண்டிக்கொண்டு ஓடியது: சக்கரம் தொழிலுக்கு, டயர் தொழிலுக்கு, கண்ணாடியைத் துடைக்கிற கட்டை தொழிலுக்கு. என் எலும்பு மட்டும் எனக்கு. அதை நான் எப்போது எனக்காகப் பாவித்தேன்?

"சரி, உந்தக் கடிதத்துக்கு வருவம்," என்றார் அண்ணை. "மூண்டு வருசத்துக்கு முன்னம் கால் நல்லா இருந்ததெண்டு காட்ட உம்மட்டை என்ன இருக்கு?"

"டயரி இருக்கு."

இருந்தது. ஒவ்வொரு பாடத்தையும் நான் பென்சிலால் எழுதி வைப்பேன்: நேரம், தெரு, பழகுகிறவர் விட்ட பிழை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை, ஒரு நாளில் எட்டுப் பாடம், ஒன்பது பாடம், வருடக்கணக்காக. இடுப்பு வலிக்கிறவன் இப்படி ஏறி இறங்கமாட்டான். அடுத்த கிழமை ஐந்து டயரிகளை ஒரு அரிசிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அண்ணை ஒன்றை விரித்தார், புரட்டினார், இன்னும் கொஞ்சம் புரட்டினார். விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"ஞாயிற்றுக்கிழமையும் பாடம் எடுத்திருக்கிறீர்."

"ஓம்."

"கணக்கில ஆறு நாள் காசுதான் வருது, ஞாயிறு இல்லை. நீர் ஞாயிறு கோயிலுக்குப் போறனீரெண்டெல்லோ நான் நினைச்சன்."

ஞாயிற்றுக்கிழமைப் பாடங்கள் தெரிந்த ஆட்களுக்கு. கையில் தருகிற காசு. அது மரக்கறிக்கும், ஊரில் ஒரு சாவீட்டுக்கும், மகளின் பல்கலைக்கழக அறை வாடகையில் ஒரு மூலைக்கும் போனது. அதை வருமானம் என்று நான் நினைத்ததே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். நினைத்தேன். எழுதவில்லை.

அண்ணை டயரியை மூடினார். குரலில் பகிடி போய்விட்டது.

"இதை அங்கை இன்சூரன்ஸுக்குக் குடுத்தா இங்கை வரிக் கந்தோருக்கும் குடுக்கவேணும் தம்பி. நான் கண்டாப்பிறகு காணாத மாதிரி இருக்க ஏலாது. யோசிச்சு வாரும்."

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். வருத்தத்தைக் கூட்டிச் சொன்னேன், வருமானத்தைக் குறைத்துச் சொன்னேன். என் கால் நன்றாக இருந்தது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான். அந்தச் சாட்சிதான் என்னைக் காட்டியும் கொடுக்கும்.

வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன். வைத்தியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவ கோபிக்கவில்லை.

"நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். அழிக்க முடியாது சார். இப்போ இப்படிச் சொல்றீங்கன்னு கீழ ஒரு குறிப்பு சேர்க்கலாம்."

"சேருங்கோ டொக்டர்."

தட்டச்சு செய்துகொண்டே கேட்டா: "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஒன்பது மாசமெண்டா நம்பமாட்டியள் எண்டு நினைச்சன்."

விரல்கள் நின்றன. "ஒன்பது மாசம்னு சொல்லியிருந்தாலும் எக்ஸ்ரேக்கு எழுதியிருப்பேன்."

அரசாங்க வரிசையிலும் என் பெயரைப் போட்டுவிட்டா. அறையை விட்டு வெளியே வரும்போது வாசலில் இருபது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் நோவுக்கு எத்தனை வருடம் போட்டிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு போனேன்.

டயரிகள் அரிசிப் பையிலேயே கிடந்தன. இரண்டு கிழமை, மூன்று கிழமை. நான் பாடங்களை நிறுத்தவில்லை. நோவுக்குக் குளிசை மாத்திரை போட்டுக்கொண்டு, சீட்டுக்குக் கீழே ஒரு தலையணையை மடித்து வைத்துக்கொண்டு போனேன். இடுப்பு மாற்றினால் தொழில் பிழைக்கும். இன்சூரன்ஸ் தந்தால் பங்குனியில் மாற்றலாம், ஆனியில் திரும்பவும் சீட்டில் இருக்கலாம். வரிசையில் நின்றால் அதுவரை இந்தக் கால் தாங்குமோ தெரியாது. இதைத் தவிர வேறொன்றும் அப்போது என் தலையில் ஓடவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பழக வந்தவ, தங்கச்சி என்று நான் கூப்பிடுகிற ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி. இருக்கிறது மிச்சத்தில், வேலை ஹவுன்ஸ்லோவுக்கு அங்கால் விமான நிலையத்தில், பயணிகளின் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற ஷிப்ட். விடியப்புறம் மூன்று பஸ் மாறிப் போவா. "லைசன்ஸ் எடுத்தா ஒரு மணித்தியாலம் கூடப் படுப்பன் அண்ணை, அதுக்கு மேல எனக்கு ஒரு ஆசையும் இல்லை" என்பது அவவின் கதை. சோதனைக்கு ஆறு கிழமை இருந்தது. நன்றாக ஓடினா. கொமன் என்கிற புல்வெளிப் பக்கமாக வந்து, கடைத்தெருவுக்குத் திரும்பி, மனிசர் கடக்கிற வெள்ளைக் கோட்டை நெருங்கினோம். ஒரு கிழவர் தள்ளுவண்டியோடு ஒரு காலைக் கோட்டில் வைத்துவிட்டார். கார் குறையவில்லை.

என் கண் கண்டது. என் மூளை சொன்னது. கால் எழும்பவில்லை. இடுப்பில் ஏதோ ஒன்று பூட்டிக்கொண்டது. ஒரு மூச்சு நேரம், அரை மூச்சு நேரம். பிறகு என் பாதத்தின் கீழே மிதி இறங்குவதை உணர்ந்தேன், கார் கோட்டின் மேல் மூக்கை வைத்து நின்றது. கிழவர் எங்களைப் பார்த்தார். ஒரு கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போனார். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"ஐயோ அண்ணை, பிந்திப் போச்சு," என்றா தங்கச்சி.

"பயப்படாதைங்கோ. நான் பிடிச்சிட்டன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பிந்தினது அவ மட்டும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு டூட்டிங்குக்குப் போனேன்.

"எல்லாத்தையும் போடுங்கோ அண்ணை. ஞாயிறு, ஹெல்த் இன்சூரன்ஸ், எல்லாம். அங்கையும் இங்கையும்."

அண்ணை பையை வாங்கி மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். "மனிசிக்குத் தெரியுமே?"

"தெரியும்."

தெரியும். முதல்நாள் சொல்லியிருந்தேன். அவ கேட்டது ஒன்றுதான்: "கட்ட எங்கால காசு?" பிறகு தன் தாலிக்கொடியைப் பற்றி ஏதோ தொடங்கினா. நான் கதையை மாற்றினேன்.

இரண்டு மறுமொழிகளும் சித்திரை மாதத்தில், ஒரு கிழமை இடைவெளியில் வந்தன. வரி அலுவலகம் டயரிகளை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிற்றையும் நம்பியது. நானாகவே வந்து சொன்னதால் தண்டம் குறைவு என்றது, தவணையில் கட்டலாம் என்றது. இன்சூரன்ஸ்காரரும் டயரிகளைப் பார்த்ததாக எழுதியிருந்தார்கள். நான் வேலை செய்தேன் என்பதை டயரி காட்டுகிறதாம். எனக்கு வலி இருக்கவில்லை என்பதைக் காட்டவில்லையாம். வைத்தியரின் புதுக் குறிப்பு பிந்தி வந்தது, அதை வைத்து முடிவை மாற்ற ஏலாதாம்.

அந்த வசனத்தைக் கனநேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். கோபம் வர வேண்டிய இடத்தில் ஒரு வெட்கம் வந்தது. வேலை செய்தவனுக்கு வலி இருந்திருக்காது என்பதுதானே நான் சொன்ன நியாயம். என்னையே பொய்யாக்க, நோவோடு பாடம் எடுத்த அந்த மூன்று கிழமையே போதும். குளிசையும் தலையணையும் வைத்துக்கொண்டு நான் எடுத்த ஒவ்வொரு பாடமும் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லியது.

"வேலை ஏலாட்டி அரசாங்கம் கிழமைக்குக் கொஞ்சம் தரும்," என்றார் அண்ணை தொலைபேசியில். "நீர் திட்டித் திட்டிக் கட்டின நஷனல் இன்சூரன்ஸாலதான் அது வாறது. கொஞ்சம்தான். எழுதிப் போடுவம்."

ஆஸ்பத்திரி வரிசைக்கு இன்னும் திகதி இல்லை. அடுத்த ஞாயிறு, பழகுகிறவர்களிடம் பாடத்தை நிறுத்துவதாக ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினேன். தங்கச்சியிடம் கடைசியாகச் சொன்னேன். அவவின் சோதனைத் திகதி ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போய் இன்னும் பத்து நாள் இருந்தது. பாடம் முடிந்து ஒரு மரத்தின் கீழே நிறுத்தியிருந்தோம்.

"நான் நிப்பாட்டுறன் தங்கச்சி. கால் ஏலாது. எங்கட குழுவில ஒரு அக்கா இருக்கிறா, அவவிட்டைச் சொல்லியிருக்கிறன்."

அவ என்ஜினை நிறுத்தினா. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"அண்டைக்கும் என்ர கால் பிந்தினது," என்றேன். "அந்தக் கிழவர் வந்த நாள். நீங்கள் உங்கட பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள். நானும் பிந்தித்தான் பிடிச்சனான்."

அவ தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மெல்லச் சொன்னா:

"அண்ணை, குறை நினைக்காதைங்கோ. நீங்கள் பிடிச்சிட்டனெண்டு சொன்னபடியா நான் ஒண்டும் கதைக்கேல்லை. நான்தான் பிடிச்சனான்."

"இல்லை, என்ர காலுக்குக் கீழ மிதி இறங்கினது."

"நான் அமத்த இறங்கியிருக்கும் அண்ணை. நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தது."

ஓம். நான்தான் சொல்லிக் கொடுத்தது, முதல் பாடத்திலேயே, எல்லோருக்கும். இரண்டு பிரேக்கும் ஒரே கம்பியில். ஒருவர் அமத்தினால் மற்றவருடைய மிதியும் தானாகத் தாழும். அன்றைக்கு என் பாதத்தின் கீழே தாழ்ந்தது அவவின் கால். என்னுடையது பிந்தி வரவில்லை. வரவேயில்லை.

ஒரு ட்ராம் தூரத்தில் மணியடித்துக்கொண்டு போனது.

"நான் உங்களை வீட்டை கொண்டுபோய் விடட்டே?" என்றா.

"ஓம், எடுங்கோ."

கண்ணாடி பார்த்தா, தோளுக்கு மேலால் பார்த்தா, சமிக்ஞை போட்டு எடுத்தா. வீடு வரும்வரை நான் இடது காலைக் குறுக்கே கொண்டுவந்து பிரேக்கின் மேல் வைத்திருந்தேன். அது பழக்கமில்லாத கால். தேவைப்படவில்லை.